வளைவுக்குள் பதினொரு பேர்

அந்த மலைச்சாலையில் நிற்கும் பலகைகளில் முக்கால்வாசி அவர் கையால் நட்டவை. வேகத்தடை, குறுகிய பாலம், கற்கள் விழும் பகுதி, ஒலி எழுப்பவும், ஒலி எழுப்பாதீர் என்று எல்லாவற்றுக்கும் குழி தோண்டி, கம்பம் நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சிமெண்டுக் கலவை கொட்டி, அது இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். சாலைத் துறையில் முப்பது வருஷமாக இதே வேலை. அதனால் ஊரில் அவருக்குப் பலகையார் என்று பெயர். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவர் ஆராய்ந்ததில்லை.

அவர் நட்டதிலேயே பெரியது, வண்டி நிறுத்தும் திடலில் இருக்கிற வரலாற்றுப் பலகை. இரும்பில் வார்த்தது. பச்சை வண்ணம், புடைத்த எழுத்துகளுக்குத் தங்க நிறம். 'இச்சாலை அமைக்கும் பணியின்போது மண் சரிந்து உயிர்நீத்த பதினொரு தொழிலாளர்கள் இவ்விடத்தில் புதைந்துள்ளனர்' என்று நான்கு வரி. அதற்குக் கீழே, பலகையைத் திறந்து வைத்தவரின் பெயர், பட்டம், பதவி எல்லாம் சேர்த்து ஐந்து வரி. பதினொரு பேரின் பெயரைப் போட இடம் பற்றவில்லையாம். மலையேறி வருகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்துவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், பலகையைப் பாதி படிப்பார்கள், பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஒன்றிரண்டு பேர் படித்து முடித்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து வைப்பதும் உண்டு. அப்படி நடப்பவர்களைக் கண்டால் பலகையார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஏனென்றால் அந்தத் திடலுக்கடியில் ஒரு எலும்புகூடக் கிடையாது. அந்தப் பதினொரு பேரும் நானூறு மீட்டர் மேலே, சாலை வளைகிற இடத்தில் கிடக்கிறார்கள். அதில் ஒருவர் அவருடைய அப்பா.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே வளைவே கிடையாது. கயிறு கட்டி நேராகத்தான் மலையை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு மத்தியானம் மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் தோண்டினார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய குழியெல்லாம் மறுபடி மூடிக்கொண்டது. காண்டிராக்டர் குடையும் கையுமாக வந்து பார்த்தார். இனி உள்ளே யாருக்கும் உயிர் இருக்காது, சாலையைச் சுற்றிக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அந்த மண்மேட்டைச் சுற்றிக் கொண்டுபோனதில் வந்ததுதான் வளைவு. அதற்கு அப்புறம் ஐம்பது வருஷமாக அந்த வழியாகப் போகிற ஓட்டுநர்கள் எல்லாம், எந்த மடையன் போட்ட ரோடு இது என்று திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனது பலகையாரின் அக்கா. அவளுக்குப் பதினொரு வயது, அவருக்கு நாலு. அலுமினியத் தூக்குவாளி. அதன் பிடி ஒரு பக்கம் உடைந்திருந்ததால் அக்காவே செம்புக் கம்பியை எட்டுச் சுற்று சுற்றி முறுக்கி வைத்திருந்தாள். வாளியை அப்பா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் மதகைத் தாண்டியபோதுதான் சத்தம் கேட்டது. அம்மா இருந்தவரை வருஷத்தில் ஒருநாள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவாள். மதகின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, "போடி, எண்ணிக்கிட்டே போ" என்று அக்காவை நடக்கச் சொல்வாள். மதகிலிருந்து நாற்பது எட்டு எடுத்து வைக்கவேண்டும். அங்கே நின்றால் இடதுபக்கம் மேடு. "மறந்துடாத. தம்பிக்கு வெவரம் தெரியாத வயசு. நீதான் நெனப்புல வச்சிருக்கணும்" என்பாள். அக்கா வைத்திருந்தாள். தம்பிதான் கோட்டை விட்டார்.

அது நடந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. பலகையாருக்கு வேலை அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஊரில் வரலாற்றுக் கழகம் என்று தொடங்கி, மனுமேல் மனுவாகப் போட்டு இந்தப் பலகையை வாங்கி வந்திருந்தார். பலகை வந்து இறங்கிய பிறகுதான் துறைக்குத் தன் விதி ஞாபகம் வந்தது. வரலாற்றுப் பலகை என்றால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் படிக்க இடம் வேண்டும். வளைவில் நடக்கூடாது.

"கீழ திடல் இருக்குல்ல, அங்க நடு" என்றார் அப்போதைய அதிகாரி.

"அங்க யாரும் இல்லையே சார்."

"நானூறு மீட்டர்ல என்னய்யா குடி முழுகிப்போச்சு? செத்தவங்க எழுந்து வந்து அளந்து பாக்கப் போறாங்களா? வேண்டாம்னா சொல்லு, பலகையைத் திருப்பி அனுப்பிடறேன்."

பலகையார் தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலாம்ப்பா" என்றார். 'இவ்விடத்துக்கு அருகில்' என்றாவது மாற்றலாமே என்று பலகையார் மென்று முழுங்கிக் கேட்டார். இரும்பில் வார்த்ததை அழிக்க ரப்பர் இருக்கிறதா என்று அதிகாரி சிரித்தார். ஒரு படிவம் நீட்டினார்கள். 'நிகழ்விடம் களத்தில் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் உள்ளூர் ஆள் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். பக்கத்துக் கட்டம், இறந்தவருக்கு என்ன உறவு. 'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதி. அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இன்றைக்கு நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அக்கா அப்போதே கேட்டாள். அவள் தையற்காரி. பள்ளிச் சீருடை தைத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா அங்கயாடா இருக்காரு?"

"நாலு பேரு நின்னு படிக்கிற எடத்துல இருந்தாத்தானேக்கா நாலு பேருக்குத் தெரியும்?"

"நாலு பேருக்குத் தப்பாத் தெரியும்."

அதோடு சரி. பலகைத் திறப்புக்கு அவள் வரவில்லை. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் திடலில் அவள் காலை வைத்ததில்லை. பஸ்ஸில் போனாலும் அந்த இடம் வரும்போது முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொள்வாள்.

இப்படியே எல்லாரும் செத்துப்போயிருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும். சாலையை அகலமாக்குகிறோம் என்று வந்தார்கள்.

புது வரைபடத்தைப் பொறியாளர் மேஜைமேல் விரித்து நாலு மூலையிலும் ஒவ்வொரு பொருளாக வைத்து அமுக்கியிருந்தார்கள்: ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்டேப்ளர், ஒரு கல், பலகையாரின் கை. பொறியாளர் இளம்வயதுப் பெண். ஆளைப் பார்த்துப் பேசுகிறவள், குரலை உயர்த்தாதவள். பென்சிலால் காட்டினாள்.

"இந்த வளைவை எடுத்துட்டு நேரா போறோம் அண்ணே. இந்த மேட்டை வெட்டிடுவாங்க. வெட்டுற மண்ணு வெளிய போகாது, கீழ எங்க பள்ளமோ அங்க போயிடும். திடலை மூணு அடி ஒசத்தணும். வரலாற்றுப் பலகையை மட்டும் நீங்க பத்திரமா கழட்டி, அதே எடத்துல ஒசத்தி நட்டுக் குடுங்க. அது பாதுகாக்கப்பட்ட எடம். சுத்திக் கம்பிவேலி, ஒரு விளக்கு எல்லாம் போட்டிருக்கு."

பலகையார் வரைபடத்திலிருந்து கையை எடுத்தார். மூலை சுருண்டுகொண்டது.

"மேடம், அந்த மேட்டுக்குள்ளதான் அவங்க இருக்காங்க."

"யாரு?"

"பலகையில போட்டிருக்கிற பதினொரு பேரு. எங்கப்பா."

அவள் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்: சரிவு, மழை, காண்டிராக்டரின் குடை, நாற்பது எட்டு. அவள் எழுந்து போய் அலமாரியைக் குடைந்து ஒரு பழுப்பேறிய கோப்பைக் கொண்டுவந்தாள். தூசி தட்டினாள். பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"இது பொய்யா அண்ணே?"

"பொய்தான் மேடம்."

"அன்னைக்குப் பொய் சொன்னீங்கன்னா, இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்பச் சொல்றீங்க? நான் நம்பறேன். மேல இருக்கிறவங்ககிட்ட இந்தப் பேப்பர் இருக்கே. அதுவும் யாரோ ஒருத்தர் போட்டது இல்ல. மகனே போட்டது."

 முப்பது வருஷமாகக் குழி தோண்டியவர், தனக்கும் ஒன்று தோண்டி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பொறியாளர் கொஞ்சநேரம் பென்சிலை உருட்டினாள். மெஷின் வர எட்டு நாள் இருக்கிறது. குடும்பத்தார் சொல்வது மட்டும் போதாது. பலகைக்கு மனுப்போட்ட வரலாற்றுக் கழகம், இடம் தவறு என்று எழுதிக்கொடுத்தால், அதை வைத்து வேலையை நிறுத்தச் சொல்லித் தன்னால் மேலே எழுதமுடியும் என்றாள்.

அன்று சாயங்காலமே பலகையார் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனார். எண்பது தாண்டிய மனிதர். முன்னறை முழுக்கப் புத்தகம், நடுவில் சாய்வு நாற்காலி, சுவரில் பலகைத் திறப்பு விழாப் புகைப்படம். படத்தில் ஓரமாகப் பாதித் தோளும் ஒரு கடப்பாரையும் தெரியும். அந்தத் தோள் பலகையாருடையது.

"சார், ஒரே ஒரு கடுதாசி சார். இடம் அது இல்ல, வளைவுதான்னு."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அன்னைக்கு உன்னைக் கேட்டேனே. நீதானே தலையாட்டினே?"

"நீங்க சொல்லித்தான சார் ஆட்டுனேன்."

"அது எழுத்துல இல்லையேப்பா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதப் பாரு. என் புத்தகம் ரெண்டாவது பதிப்பு வந்தாச்சு. அட்டைப்படமே அந்தத் திடல்தான். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. இப்பப் போயி அந்த எடம் இல்ல, இந்த எடம்னு நானே எழுதினா என்ன ஆகும்? அப்ப பதினொரு பேரு செத்தது மட்டும் நெஜமான்னு கேப்பான். ஒரு செங்கல்லை உருவினா செவுரே இறங்கிடும்."

"சார், அங்க மெஷின் இறங்கப் போகுது."

"எனக்குத் தெரியாமலா இருக்கு? எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மரியாதை செய்யணும்னு நெனைச்சோம், செஞ்சோம். ஊரே அதை ஏத்துக்கிச்சு. இனிமே அதுதான் எடம்."

"ஊரு ஏத்துக்கிட்டா எங்கப்பா எழுந்து நடந்து போயி அங்க படுத்துக்குவாரா சார்?"

அவர் வாழ்க்கையில் ஒரு படித்த மனிதரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. தலைமையாசிரியர் முகம் சுருங்கிப்போனது. உள்ளே இருந்து மருமகள் எட்டிப் பார்த்து, மாத்திரை நேரமாகிவிட்டது என்றாள். போய்விட்டு வா என்று அதற்கு அர்த்தம். பலகையார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோபத்தில் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனது பிறகுதான் தெரிந்தது.

மிச்சம் இருந்தது அக்கா. அவளிடம் போய்ச் சொல்வதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. தைத்துக்கொண்டே கேட்டாள். தையல் இயந்திரம் நிற்கவே இல்லை. அவர் முடித்ததும் நூலை அறுத்தாள்.

"துணியைத் தப்பா வெட்டிட்டு இப்ப வந்து ஒட்டுப்போடச் சொல்றியாக்கும்."

"ஆமாக்கா."

"எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உன்னை என்ன பண்றதுன்னு தெரியலடா."

"என்ன வேணா பண்ணு. வந்து எடத்தைக் காட்டு. பாக்கறதுக்கு மேடமும் வர்றாங்க."

மறுநாள் காலையில் மூன்று பேரும் வளைவில் நின்றார்கள். பலகையார் முன்னும் பின்னும் இரண்டு எச்சரிக்கைக் கூம்புகளை வைத்தார். 'அபாய வளைவு, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையும் அவர் நட்டதுதான். வருஷாவருஷம் கழுவி வண்ணம் பூசுவார். அந்த ஒன்றை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அக்கா மதகுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அதன் ஓரத்தில் நின்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். பொறியாளர் ஒன்றும் புரியாமல் பலகையாரைப் பார்த்தாள். அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை, முழங்கால் தேய்ந்தவள், சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்துகொண்டிருந்தாள். பதினொரு வயதுக் காலுக்கு எவ்வளவு எட்டுமோ அவ்வளவுதான் வைத்தாள். லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு உரசிக்கொண்டு போயின. ஒரு ஓட்டுநர் தலையை நீட்டி, ஆயா, ரோட்டுல என்ன விளையாட்டு என்று கத்தினான். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பலகையார் திரும்பி மதகைப் பார்த்தார். அம்மா சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

நாற்பதில் நின்றாள். இடதுபக்கம் திரும்பி மேட்டைக் காட்டினாள்.

"இங்கதாம்மா. சோத்து வாளியை இங்க வச்சுத்தான் குடுத்தேன். 'வெயில்ல நிக்காத, ஓடு'ன்னாரு."

பொறியாளர் படம் எடுத்தாள். மேட்டின்மேல் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டாள். "நான் இன்னைக்கே எழுதறேன்" என்றாள். எழுதவும் செய்தாள். அதில் குறை சொல்லமுடியாது.

ஆனால் அவள் கடிதத்துக்கு முன்பே வேறொரு கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. பலகையார் வந்து கேட்டுவிட்டுப் போன மறுநாளே தலைமையாசிரியர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நினைவிடம் பற்றிச் சிலர் அறியாமையால் குழப்பம் விளைவிக்கக்கூடும் என்றும், தம்முடைய நெடுநாளைய ஆய்வின்படி திடல்தான் உண்மையான இடம் என்றும், அதற்கு இறந்தவரின் மகனே சான்று அளித்துள்ளார் என்றும், விளக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் நன்றாக இருக்கும் என்றும். மேலிருந்து பதில் ஒரே பக்கத்தில் வந்தது. கையெழுத்திட்ட களச்சான்றை, பின்னர் வாய்மொழியாகக் கூறப்படுவதைக் கொண்டு மாற்ற இயலாது. பணி தொடரலாம். இரண்டாவது விளக்குக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது.

பொறியாளர் அதைப் படித்துக் காட்டும்போது காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நாள், கையால தோண்டிப் பாக்கறதுக்காவது விடுங்க மேடம். நானே தோண்டறேன். முப்பது வருஷமா குழிதானே தோண்டறேன்."

"என் கையில இல்ல அண்ணே. இருந்தா விட்டிருப்பேன்." காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தாள். "அடுத்த வாரம் நீங்க வளைவுப் பக்கம் வரவேண்டாம். திடல் வேலையைப் பாருங்க."

அது இரக்கத்தில் சொன்னதா, தொந்தரவு வேண்டாம் என்று சொன்னதா? இரண்டும்தான் என்று பலகையாருக்குத் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க மேலேயிருந்து இயந்திரத்தின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திடலில் பலகையைக் கழற்றினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே போட்ட கலவை. உடைக்க ஒன்றரை நாள் ஆனது. அவ்வளவு உறுதியாகவா போட்டுத் தொலைத்தோம் என்று தன்னையே வைதுகொண்டு உடைத்தார். பலகையைச் சாக்குவிரித்துச் சாய்த்து வைத்தார். டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போயின. உருளை ஓடிச் சமன் செய்தது. லாரி ஓட்டுநர்களில் ஒருவன் அவரோடு பேச்சுக்கொடுப்பவன், இறங்கி வந்து தண்ணீர் கேட்டான்.

"மேல வேலை சுளுவா போகுதா?" என்றார் பலகையார், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"சுளுவுதான். பழைய சரிவு மண்ணுல்ல, வெண்ணெயா வருது. நடுவுல கொஞ்சம் வேரு மாதிரி வெள்ளையா வந்துச்சு. மெஷின்காரன் நிறுத்திட்டு மேஸ்திரியைப் பாத்தான். மேஸ்திரி வாட்சைப் பாத்தாரு. அப்புறம் ஓட்டிட்டான்." செம்பைத் திருப்பிக் கொடுத்தான். "ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல."

ஐந்தாம் நாள் திடல் மூன்றடி உயர்ந்து தயாரானது. மேலே வளைவும் இல்லை, மேடும் இல்லை. சாலை நேராக வந்தது. பொறியாளர் அளந்து வைத்திருந்த இடத்தில் பலகையின் இரண்டு காலுக்கும் பலகையார் குழி எடுத்தார். முதல் குழி ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் இரண்டடி போனதும் கடப்பாரை எதிலோ பட்டு நங்கென்றது. கல்லின் சத்தம் அவருக்குத் தெரியும். இது கல் இல்லை.

மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார். நசுங்கிய அலுமினியம். சப்பையாகிப் போன ஒரு தூக்குவாளி. மூடி இல்லை. பிடியின் ஒரு பக்கத்தில் பச்சை பூத்த செம்புக் கம்பி, முறுக்கினது முறுக்கினபடி. எண்ணினார். எட்டுச் சுற்று.

 குழியின் பக்கவாட்டில் மண்ணோடு மண்ணாக வெள்ளை வெள்ளையாக ஏதேதோ தெரிந்தது. முதலில் சுண்ணாம்புக்கல் என்று நினைத்தார். அப்புறம் நினைப்பதை நிறுத்திக்கொண்டார். போனை எடுத்து அக்காவுக்குப் போட்டார்.

"திடலுக்கு வாக்கா."

"நான் அங்க வரமாட்டேன்னு தெரியாதா உனக்கு?"

"வாளி கெடைச்சிருக்குக்கா."

அந்தப் பக்கத்தில் தையல் இயந்திரம் நின்றது.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் திடலில் கால் வைத்தவள், புது மண்ணில் மெதுவாக நடந்து குழியருகே வந்தாள். வாளியை வாங்கினாள். முறுக்கின் முனையைக் கட்டைவிரலால் தடவினாள். "கையைக் கிழிச்சுடக் கூடாதுன்னு முனையை உள்ள மடிச்சு விட்டேன்டா. பாரு, அப்படியே இருக்கு" என்றாள். பிறகு சேலை மண்ணாவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். சாக்கின்மேல் சாய்ந்திருந்த பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அதை அவள் படிப்பதும் முதல் தடவைதான். அழவில்லை. திடலைச் சுற்றிப் பார்த்தாள், மேலே நேராகப் போகும் சாலையைப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்க வந்துட்டாங்களா?"

"தெரியலக்கா. இருபது, முப்பது லோடு இங்க வந்துச்சு. மீதியை பாலத்துக்குப் பக்கத்துல கொட்டுனாங்க."

"அப்பாவுல எவ்வளவுடா இங்க வந்திருக்கும்?"

பலகையார் கடப்பாரையைக் குழியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். 

பொறியாளரின் ஜீப் அப்போதுதான் வந்து நின்றது. இறங்கினாள். அக்காவைப் பார்த்தாள், மடியில் இருந்த வாளியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.  கையில் அட்டையில் செருகிய காகிதம் ஒன்று இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் மேல எழுதட்டுமா அண்ணே?"

"எழுதுங்க மேடம். என்னன்னு எழுதுவீங்க? தப்பான எடம் சரியாயிடுச்சுன்னா?"

 மேலே புதுச் சாலையில் ஒரு பஸ் வேகம் குறையாமல் வந்து, வேகம் குறையாமல் போனது.

"அது என்ன பேப்பரு?" என்றாள் அக்கா.

"அது இப்ப வேண்டாம்மா."

"குடுங்க."

பலகையார் எழுந்து போய் வாங்கினார். பார்க்காமலே தெரிந்தது. பலகையைப் பெயர்த்து மறுபடி நட்டால் மறுபடி ஒரு சான்று வேண்டும். அச்சு கொஞ்சம் புதிது, வாசகம் அதேதான்: 'நிகழ்விடம் களத்தில் சரிபார்க்கப்பட்டது.' சரிபார்த்தவர். இறந்தவருக்கு என்ன உறவு. மூன்று பிரதி. அவர் அதை வைத்துக்கொண்டு நின்றார். 

"பேனா இருக்காம்மா?" என்று அக்கா பொறியாளரைக் கேட்டாள். வாங்கித் தம்பி பக்கம் நீட்டினாள்.

"போடுறா. இந்தத் தடவை பாதியாவது நெஜம்."

பலகையார் போட்டார், மூன்று பிரதியிலும்.